சுவரில் இருந்த இரண்டு பச்சை

கும்பகோணத்தில் காவிரிக் கரையை அடுத்த தெரு ஒன்றில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வசித்து வருகிறார். 33 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வர்ணம் கலக்கக் கற்றுக் கொடுத்தவர். "வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அடர் நிறத்தில் வெளிர் நிறத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால் டப்பா காலியாகுமே தவிர, நிறம் வராது" என்று அவர் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் அந்த ஊரில் பலர் உண்டு. அவர்களுள் ஒருவர் இன்று கடைத்தெருவில் பெயின்ட் கடை நடத்துகிறார்.

ஆசிரியருக்கு எழுபது வயதாவதையொட்டிப் பீமரத சாந்தி செய்வதென்று நாள் குறித்தார்கள். கோயமுத்தூரில் இருக்கும் மகள், வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றாள். கூடவே ஒரு யோசனையும் சொன்னாள். கூடத்தின் மேற்குச் சுவரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. வெண்ணெய் ஏந்திய கண்ணனின் படம் அது. வெளிறிய சுவரில் அதன் தங்க ரேக்கு எடுபடவில்லை. அந்த ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை அடித்தால் படம் சுடர் விடும் என்பது மகளின் எண்ணம். தஞ்சாவூர் ஓவியர்கள் தங்கத்துக்குப் பின்னணியாகச் சிவப்பையும் பச்சையையும் விரும்பிப் பூசியவர்கள். ஆகவே ஆசிரியருக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது.

எந்தப் பச்சை என்பதில்தான் வழக்கு எழுந்தது.

"இரண்டும் ஒன்றுதானே?"

பெயின்ட் கடையில் இருந்து வந்த கலர் கார்டில் அம்மையார் இரண்டு கட்டங்களைச் சுட்டினார். ஒன்று மயில் கழுத்துச் சாயலில் நீலம் ஊடாடிய கரும்பச்சை. மற்றது முற்றிய மாவிலையைப் போல மஞ்சள் ஊடாடிய கரும்பச்சை. அம்மையாருக்கு முதலாவதன் மேல்தான் மனம் சென்றது. கணவரை அழைத்து, "இந்த இரண்டில் எது?" என்று கேட்டார்.

ஆசிரியர் கார்டை வாங்கி, சாளரத்தருகே கொண்டு போய், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இரண்டும் ஒன்றுதானே? அச்சடித்தவன் ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறான்" என்றார்.

அம்மையார் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. நிறத்தைப் பற்றி அந்த வீட்டில் அவர் சொன்னதே முடிவு என்று இருந்து வந்தது. புடவைக் கடையில்கூட, "இது ராமர் பச்சை, அது பாட்டில் பச்சை" என்று விற்பனையாளருக்கே திருத்தம் சொல்பவர் அவர். "கார்டை நம்பக் கூடாது. டப்பாவில் வாங்கிப் பார்க்கலாம்" என்று புறப்பட்டுப் போய், இரண்டிலும் சிறு டப்பா ஒவ்வொன்று கலந்து வாங்கி வந்தார். வீட்டில் திறந்து பார்த்தபோது அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். "ஒரே நிறத்தை இரண்டு டப்பாவில் ஊற்றிக் காசு வாங்கியிருக்கிறாயே, இதற்காகவா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டார்.

கடைக்காரர் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். தவறு எங்கே இருக்கிறது என்று அவருக்கு அந்தக் கணமே விளங்கியிருக்க வேண்டும். ஆயினும் அவர் அதைச் சொல்லவில்லை. "டப்பாவுக்குள் பார்த்தால் எதுவும் தெரியாது, சார். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். சுவரிலேயே அடித்துப் பார்த்துவிடலாம்" என்றார்.

தம் கடையின் பெயரைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு, கடையை விட்டுவிட்டுப் பிரஷ்ஷோடு ஆசிரியர் வீட்டுப் படியேறினார். குருவுக்குச் செய்யும் மரியாதை என்பது அன்று அப்படித்தான் அமைந்தது.

டப்பாவிலும் இல்லை, கார்டிலும் இல்லை

கடைக்காரர் சொன்னது சமாதானத்துக்காகச் சொன்ன பேச்சு மட்டும் அன்று; அதில் உண்மையும் இருக்கிறது. வீட்டுக்கு வர்ணம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

விரலகலக் கட்டத்தைப் பார்த்து ஒரு சுவரின் நிறத்தை முடிவு செய்ய இயலாது. கைப்பேசித் திரையில் பார்த்து முடிவு செய்வது அதனினும் பிழை. திரை தானே ஒளி விடும் பொருள். சுவரோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தரும் பொருள். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பித் தரும். கரும்பச்சைச் சுவர் திருப்பித் தருவது பெரும்பாலும் 10 பங்குக்கும் குறைவு. அந்தச் சொற்ப ஒளிக்குள்தான் நீலம் ஊடாடிய பச்சையும் மஞ்சள் ஊடாடிய பச்சையும் தம் வேற்றுமையைக் காட்டியாக வேண்டும். வெளிர் நிறங்களைவிட அடர் நிறங்களில் தேர்வு கடினமாவதற்குக் காரணம் இதுவே.

கடையில் இந்த இரண்டு பச்சைகளும் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் அவை எவ்வளவு நெருங்கிய உறவு என்பது தெரியும். வெண்மை மிகக் குறைந்த அடிக்கலவை ஒன்றில், கலக்கும் இயந்திரம் பச்சைச் சாயத்தையும் கறுப்பையும் அளந்து சொட்டுகிறது. அதன்பின் சிறிதளவு நீலம் விழுந்தால் மயில் கழுத்து. மஞ்சள் விழுந்தால் மாவிலை. வெண்மை மிகக் குறைவாக இருப்பதால், அடர் நிறங்கள் பழைய சுவரை எளிதில் மறைப்பதும் இல்லை. வெளிர் நிறத்துக்கு இரண்டு பூச்சுப் போதுமென்றால், கரும்பச்சைக்கு மூன்றாம் பூச்சும் தேவைப்படலாம். 14 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 140 சதுர அடி. மூன்று பூச்சுக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட டப்பாக்கள் வந்தால் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துகொள்ள வேண்டும். பாதிச் சுவரில் தீர்ந்துபோய் மறுபடி கலந்து வாங்கினால், ஒட்டிய இடம் காலமெல்லாம் தெரியும்.

சுவரில் அடித்துப் பார்ப்பதற்கும் முறை உண்டு. இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக, இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். இரண்டு நிறங்களையும் ஒட்டி ஒட்டி அடிக்காமல், நடுவே வெள்ளைப் பட்டை விட வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்று மற்றதன் சாயலைக் கெடுக்கும். ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் சற்றுப் பால் கலந்தாற்போல் வெளிறித் தெரியும்; காய்ந்த பிறகே கருக்கும். ஆகவே ஒரு நாள் பொறுத்து, காலை வெயிலிலும், உச்சிப் பொழுதிலும், அந்தியிலும், இரவு விளக்கிலும் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் பல்பின் கீழ் ஒரு நிறம். 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் வேறு நிறம். வீட்டார் அந்த அறையில் எந்த வேளையில் அதிகம் இருக்கிறார்களோ, அந்த வேளையின் சாட்சியமே முதன்மையானது.

அம்மையார் சொன்ன வேட்டிக் கதை

கடைக்காரர் அவ்வண்ணமே இரண்டு சதுரங்களை அடித்துக் காய வைத்தார். மறுநாள் காலையில் கிழக்கு வாசல் வழியே வந்த வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஓடிவந்து பார்த்து, "இது மயில், அது மாமரம்" என்றாள். பத்து வயதுப் பெண். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆசிரியர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனார், தள்ளி நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். கலர் கார்டில் தவறு இல்லை, கடைக்காரரிடம் தவறு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கண்ணை நம்பி ஓர் ஆயுளைக் கழித்தாரோ, அந்தக் கண் தம்மைக் கைவிட்டது என்பதை ஒரு மனிதர் ஒப்புக்கொள்வது எளிதன்று.

அம்மையார் பேத்தியை உள்ளே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்குப் புரை அறுவை நடந்திருந்தது. அப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொன்னார்.

"எனக்கு முதலில் வலக் கண்ணில் மட்டும் செய்தார்கள் அல்லவா? கட்டுப் பிரித்த மறுநாள், கொடியில் உங்கள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பால் போல வெள்ளை. மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் டீ வடிகட்டிய துணி போல இருந்தது. அதற்கு முன் ஒரு வருஷமாக, வேட்டி வெளுக்கவில்லை என்று சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தேனே, நினைவிருக்கிறதா? சோப்பின் மேல் குற்றமே இல்லை, என்னங்க."

ஆசிரியர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "கடைக்காரப் பையனிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

கண்ணுக்குள் மஞ்சள் கண்ணாடி

அம்மையார் கண்டது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. விழியின் உள்ளே இருக்கும் வில்லை இளமையில் பளிங்கு போல் இருக்கும். வயது ஏற ஏற அது மஞ்சளித்து, பின்பு பழுப்பேறுகிறது. மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பது போலவே, பழுத்த வில்லையும் நீலத்தைத் தடுத்துவிடுகிறது. நீலம் உள்ளே போகாவிட்டால், நீலம் ஊடாடிய பச்சைக்கும் மஞ்சள் ஊடாடிய பச்சைக்கும் வேற்றுமை எங்கிருந்து தெரியும்? கருநீலமும் கறுப்பும் ஒன்றாகும். மயில் கழுத்தும் மாவிலையும் ஒன்றாகும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகளாக, ஒவ்வொரு நாளும் இம்மியளவு நடக்கிறது. அதனால் அவரவருக்குத் தெரிவதே இல்லை. எழுத்து மங்கினால் மனிதன் மருத்துவரிடம் போகிறான். நிறம் மாறினால், பொருள்தான் மாறிவிட்டது என்று நினைக்கிறான்.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஒருவருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. பிரான்சு நாட்டின் கிளாட் மோனே, தம் தோட்டத்துக் குளத்தின் அல்லிப் பூக்களை மீண்டும் மீண்டும் வரைந்தவர். 1912-ல் அவருக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அறுவைக்கு அஞ்சி அவர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார். அந்த ஆண்டுகளில் அவருடைய படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. 1923-ல் வலக் கண்ணில் அறுவை நடந்தது. அதன்பின் உலகம் மிகையான நீலமாகத் தெரிகிறது என்று அவர் வருந்தினார்; முன்பு வரைந்தவற்றுள் சிலவற்றைத் திருத்தவும் முற்பட்டார்.

மோனேயின் காலத்தில் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணம் இல்லை. பழுத்த வில்லையைச் சிறு துளை வழியே கரைத்து எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தும் அறுவை, பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. தமிழ்நாடு இத்துறையில் உலகுக்கே வழிகாட்டியது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எளியோர்க்கு இலவசமாக அறுவை செய்யும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. வெளிநாட்டு வில்லையின் விலை எட்டாக்கனியாக இருந்த நாளில், 1992-ல் அதன் சார்பில் தொடங்கிய ஆரோலேப் இங்கேயே வில்லை செய்து விலையை இறக்கிக் காட்டியது. இன்று அறுவையைத் தள்ளிப்போடச் செய்வது பெரும்பாலும் பணமன்று. "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது" என்னும் எண்ணமே.

நிறம் குழம்புவதற்குப் புரை ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. நீரிழிவும் பார்வை நரம்பின் நோய்களும்கூட அவ்வாறு செய்யக்கூடும். ஆகவே, வீட்டில் பெரியவர் ஒருவர் நீலத்தையும் பச்சையையும், கறுப்பையும் கருநீலத்தையும் மாற்றிச் சொன்னால், கேலி செய்யாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

காத்திருந்த சுவர்

ஆசிரியருக்கு இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. விசேஷத்துக்கு ஆறு வாரம் இருந்தது. முதலில் ஒரு கண், ஒரு மாதம் கழித்து மற்றக் கண் என்று மருத்துவர் முறை வகுத்தார். அறுவைக்குப் பின் சில வாரங்கள் கண்ணில் தூசு படக் கூடாது. சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து வர்ணம் பூசுவதென்றால் வீடெங்கும் தூசு பறக்கும். ஆகவே வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

"விசேஷத்துக்கு நாலு ஊர் உறவும் வருமே, சுவர் இப்படித் திட்டுத் திட்டாக நிற்பதா? அந்தச் சதுரங்களையாவது ஒரு பட்டுத் துணி போட்டு மறைத்துவிடலாம்" என்றாள் மகள். அம்மையார் இசையவில்லை. "அப்பா பார்த்துச் சொல்லாமல் அந்தச் சுவரில் எதுவும் ஏறாது" என்றார். மறைப்பதற்கு ஆசிரியரும் சம்மதிக்கவில்லை.

விசேஷம் நடந்த அன்று, ஆசிரியருக்கு வலக் கண் தெளிந்திருந்தது. இடக் கண் பழையபடியே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார். "இரண்டும் ஒரே நிறம் என்று கடையில் போய்ச் சண்டை போட்டேன். இப்போது வலக் கண்ணால் பார்த்தால் அவள் சொன்னது சரி, இடக் கண்ணால் பார்த்தால் நான் சொன்னது சரி" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு மாதத்துக்கு முன் கணவனும் மனைவியுமாக நின்று வழக்காடிய இரண்டு கட்சிகளும் அன்று அவருடைய ஒரே முகத்தில் அமைதியாக இருந்தன.

சாப்பாட்டுக்குப் பின், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் சுவரின் முன் வந்து நின்றார். எழுபத்தாறு வயது. இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் என்னடா பெரிய வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதானே" என்றார்.

கூடத்தில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. ஆசிரியர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க அண்ணா, திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்" என்று அழைத்துப் போனார். கடைக்காரர் தமக்குச் செய்த அதே மரியாதையை அவர் அண்ணனுக்குச் செய்தார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள்.

விளக்கு சொன்ன தீர்ப்பு

மற்றக் கண்ணும் ஆறி, சொட்டு மருந்தும் நின்ற பிறகு, ஆசிரியர் முதலில் செய்தது சுவரைப் பார்ப்பது அன்று. கடைசி ஐந்தாண்டுகளில் தாம் வரைந்த படங்களை எடுத்துத் தரையில் பரப்பினார். காவிரிப் படித்துறை, மகாமகக் குளம், வீட்டுக் கொல்லையின் வாழை என எல்லாவற்றிலும் நீலம் வழிந்தது. தம் கண்ணுக்குத் தெரியாத நீலத்தைத் தெரியவைக்கத் தம்மையறியாமல் மேலும் மேலும் நீலத்தைச் சேர்த்திருக்கிறார். அவற்றைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அம்மையார் நீல வாழைப் படத்தை மட்டும் எடுத்துத் தம் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை இருவருமாகச் சுவரின் எதிரே உட்கார்ந்தார்கள். காலை வெயிலில் இரண்டு பச்சைகளும் அழகாகவே இருந்தன. அந்த வேளையில் மாவிலைப் பச்சை சற்றுக் கூடுதல் உயிர்ப்போடு இருந்தது என்பதை அம்மையாரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கூடத்தில் குடும்பம் கூடியிருப்பது மாலையில். விளக்கேற்றி, மஞ்சள் பல்பையும் போட்ட பிறகு, மாவிலைப் பச்சையில் இருந்த மஞ்சளோடு விளக்கின் மஞ்சளும் சேர்ந்து, அது சேற்றுப் பழுப்பாகத் திரிந்தது. மயில் கழுத்துப் பச்சையில் இருந்த நீலம் விளக்கின் மஞ்சளை ஈடுசெய்து, அதைப் பச்சையாகவே நிறுத்தியது. கண்ணன் படத்தைச் சதுரத்தின்மேல் பிடித்துப் பார்த்தார்கள். தங்க ரேக்கு மயில் கழுத்தின்மேல் தனித்து எழுந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது.

மற்ற முடிவுகளையும் ஆசிரியரே எடுத்தார். நான்கு சுவருக்கும் கரும்பச்சை வேண்டாம், ஒரு சுவருக்குப் போதும். ஏனெனில் வயதானவர் கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் தேவை. இருபது வயது இளைஞனின் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது என்பது கண்ணியல் கணக்கு. ஏனைய மூன்று சுவர்களும் சந்தன வெள்ளையாகவே நின்றன. சுவிட்சுப் பலகை பச்சைச் சுவரில் வெள்ளையாகத் தெரியும்படி விடப்பட்டது. ஊஞ்சலில் உட்காருபவர்களின் எண்ணெய்த் தலை படும் சுவர் ஆதலால், கழுவித் துடைக்கத் தக்க மெல்லிய மினுமினுப்புள்ள எமல்ஷன் தேர்ந்தெடுக்கப்பட்டது. மினுமினுப்பே இல்லாத அடர் நிறத்தில் கைபட்ட தடம்கூடத் தெரியும். ஆற்றங்கரை வீடு என்பதால், சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறதா என்று முதலில் பார்க்கப்பட்டது. ஈரச் சுவரில் பூக்கும் வெள்ளை உப்பு, வெளிர் நிறத்தில் ஒளிந்துகொள்ளும். கரும்பச்சையில் ஊரறியக் காட்டிக் கொடுக்கும்.

பேரக் குழந்தைகள் வந்து போகும் வீடு என்பதால் டப்பாவின் மேல் உள்ள எழுத்தையும் ஆசிரியர் இப்போது தாமே படித்தார். பச்சை வர்ணத்துக்குக் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1775-ல் சுவீடன் வேதியியலார் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே கண்டுபிடித்த கண்கவர் பச்சை, செம்பும் நஞ்சாகிய ஆர்சனிக்கும் சேர்ந்தது. ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் அது பரவிப் பலருக்குக் கேடு செய்தது. அந்த நஞ்சு இன்றைய டப்பாவில் இல்லை. ஈயம் பற்றிய கவனம் மட்டும் தேவை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி இந்தியாவில் 2016-ல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பூசுவதும், பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்புவதும் தவிர்க்கத் தக்கவை.

வர்ணம் பூச வந்த அன்று கடைக்காரரும் வந்திருந்தார். ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும், "அன்று உன் கடையில் நாலு பேர் முன்னால் பேசினேன், அதனால் இன்றும் நாலு பேர் முன்னால் சொல்கிறேன். தப்பு என்னுடையது" என்றார். கடைக்காரர் பதறிப்போய், "சார், நீங்கள் அப்படிச் சொல்லலாமா?" என்றார். பிறகு பேச்சை மாற்றி, மிஞ்சிய மாவிலைப் பச்சையை என்ன செய்வதென்று கேட்டார். மாடியில் இருக்கும் மண் தொட்டிகளுக்கு அதைப் பூசுவது என்று பேத்தி முடிவு செய்தாள். வெட்டவெளி வெயிலில் அந்தத் தொட்டிகள் இன்றும் அழகாக இருக்கின்றன.

ஒரே சுவரை இருவர் இருவிதமாகக் காண்பது எல்லா வீட்டிலும் நடப்பது. அப்போது, "உனக்குக் கண் இல்லையா?" என்று கேட்பது எளிது. அந்த வீட்டிலோ அம்மையார் தம் வேட்டிக் கதையைச் சொன்னார். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்து வந்தார். அவர்கள் கேலி செய்திருந்தால் ஆசிரியர் வீம்புக்காகவே மாவிலைப் பச்சையை அடிக்கச் சொல்லியிருப்பார். புரையும் உள்ளேயே முற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் சுவர் அரைகுறையாக நின்றதால் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் ஒன்றும் இல்லை. மாலையில் விளக்கேற்றியதும் ஆசிரியர் ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டு கண்களாலும்.